இரண்டு பக்கமும் கடல்

அண்ணை,

புத்தகம் வந்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். காலை எட்டரைக்கு நுகேகொடையிலிருந்து ஓட்டோவில் ஆறு பெட்டிகள் வெள்ளவத்தைக்கு வந்து என் வாசலில் இறங்கின. எங்கள் கட்டடத்து லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. ஓட்டோக்காரர் நான்காம் மாடிவரை ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி வந்தார். கடைசிப் பெட்டியை இறக்கிவிட்டு, இதற்குள்ளே என்ன, கல்லா என்று சிங்களத்தில் கேட்டார். கல் இல்லை, ஒரு நாடு என்றேன். மனுஷன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

சமையலறைக் கத்தியால் முதல் பெட்டியின் டேப்பை அறுத்ததும் மையும் பசையும் புதுத் தாளும் கலந்த ஒரு வாசனை மேலே வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அலுவலகத்தில் ஒரு படத்தை முடித்ததும் மை காய்வதற்காக அதை என் மேசை விசிறிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பீர்களே, அந்த நேரத்து வாசனை இது. விசிறிக் காற்றெல்லாம் படத்துக்கே போய்விடும், நான் வியர்த்துக்கொண்டு இருப்பேன். "ரெண்டு நிமிஷம் மிஸ், ஊர் காயட்டும்" என்பீர்கள்.

கையில் எடுத்தால் கனக்கிறது. ஏழு ஊர்கள், ஏழு வரைபடங்கள். ஒவ்வொன்றையும் விரித்தால் சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடிக்கிறது. 'இருகரை நாட்டுக்குப் போய் வந்தோம்' என்று அட்டையில் நீங்கள் எழுதிய எழுத்தையே அப்படியே போட்டிருக்கிறார்கள். அதன் கீழே நம் இரண்டு பெயரும் ஒரே அளவில். நான் ஒரு பக்கமும் வாசிக்கவில்லை. படங்களை விரிப்பதும் மடிப்பதுமாக ஒரு மணித்தியாலம் போய்விட்டது. சந்தோஷத்தில் அழுதேன் என்று எழுதினால் கேலி செய்வீர்கள். சரி, அழுதேன், செய்யுங்கள்.

நம் வேலையை நினைத்தால் இந்தப் புத்தகம் பிறந்ததே வேடிக்கைதான். ஹோட்டலிலும் ஆஸ்பத்திரியிலும் லிஃப்ட்டுக்குப் பக்கத்துச் சுவரில் தொங்குமே, தீப்பிடித்தால் எந்த வழியால் ஓட வேண்டும் என்று காட்டும் படம், கோட்டைப் பகுதியில் இருக்கும் நம் அலுவலகத்தில் அதைத்தான் செய்தோம். நீங்கள் படம் வரைவீர்கள், நான் அதன் தமிழ் வாசகங்களை எழுதுவேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது: தீ விபத்து நேரும் பட்சத்தில் மின்தூக்கியைப் பயன்படுத்துவதைத் தவிர்த்து அவசரப் படிக்கட்டு வழியாக வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். நீங்கள் அதைச் சத்தமாக வாசித்தீர்கள்.

"இத வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆள் எரிஞ்சிருவான், மிஸ்."

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தில் 'தீயா? படியால் இறங்குங்கள்' என்று எழுதி உங்கள் மேசையில் போட்டேன். நீங்கள் அதை அன்றைக்கே படத்தில் ஏற்றிவிட்டீர்கள். அதற்குப் பிறகு எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. மிஸ் என்பதை நீங்கள் விடவில்லை, அண்ணை என்பதை நானும் விடவில்லை.

இருகரை நாடு ஒரு மதிய இடைவேளையில் தொடங்கியது. ஒரு ஹோட்டலின் வேலை ரத்தாகி, அந்தத் தாள்கள் சும்மா கிடந்தன. அவற்றில் ஒன்றைத் திருப்பிப் போட்டு, வடையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையால் நீங்கள் ஒரு தெருவை வரைந்தீர்கள். கடைகள் எல்லாம் கூரையின் மேலே இருந்தன, கீழே தெரு காலியாகக் கிடந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். அதை நீங்கதான் சொல்லணும் என்றீர்கள். அன்று மாலைக்குள் பத்து வரி எழுதிக் கொடுத்தேன்: அந்த ஊரில் மழை கீழிருந்து மேலே பெய்யும், ஆகவே நனையாமல் வியாபாரம் செய்ய ஒரே இடம் கூரைதான். மறுநாள் நீங்கள் ஆட்களின் கையில் குடையைத் தலைகீழாகக் கொடுத்திருந்தீர்கள். அந்தக் குடைகளைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. அதை அணைக்கத்தான் ஐந்து வருடம் ஆனது.

அலுவலகத்துப் படங்கள் நேர் மேலேயிருந்து பார்த்தவை, தட்டையானவை. நம் நாட்டுக்கு மட்டும் ஐசோமெட்ரிக்கில்தான் வரைவேன் என்றீர்கள். எனக்கு அந்தச் சொல்லே புதிது. முக்கோணக் கட்டம் போட்ட தாளை விரித்து, மூலைமட்டத்தை வைத்து முப்பது பாகையில் இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு, நேராக மேலே ஒரு கோடு என்று இழுத்தீர்கள். ஒரு வீடு எழுந்து நின்றது. கூரையும் தெரிந்தது, இரண்டு சுவரும் தெரிந்தது. சாதாரணப் படத்தில் தூரத்து வீடு சின்னதாகிவிடும், இதில் பத்தாவது தெருவில் இருக்கும் வீடும் முன்வீட்டின் அளவுதான் என்று காட்டினீர்கள்.

"எவ்வளவு தூரம் போனாலும் சின்னதாகாது மிஸ். அதுக்குத்தான் இது எனக்குப் பிடிச்சது."

உங்களுக்கென்று இரண்டு சட்டங்கள் இருந்தன. இரண்டும் அலுவலகத்திலிருந்து வந்தவை. எந்தக் கட்டடத்துக்கும் வெளியேற இரண்டு வழி இருக்க வேண்டும், அது பறவைக் கூடாக இருந்தாலும் சரி. அடுத்தது, ஒவ்வொரு படத்திலும் ஒரு சிவப்புப் புள்ளி, 'நீங்கள் இங்கே நிற்கிறீர்கள்'. புள்ளியை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வைப்பீர்கள். அழகான இடமாகப் பார்த்து வையுங்கோ என்று ஒரு முறை கேட்டேன். "புள்ளி ஆசைக்கு வைக்கிறது இல்ல மிஸ். தாள் எந்தச் சுவர்ல தொங்குதோ, அந்த இடம்தான் புள்ளி" என்று முடித்துவிட்டீர்கள்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் பேலியகொடை மீன் சந்தைக்குப் போனோமே. ஐஸ் பெட்டிகளை எப்படி அடுக்குகிறார்கள் என்று நீங்கள் முழங்கால்வரை ஈரத்தோடு நின்று குறித்துக்கொண்டீர்கள். நான் ஒரு பெரிய அறக்குளா மீனை, உலகத்தில் எதிலும் அக்கறை இல்லாத அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முகத்துக்காகத்தான் மீன்கள் கூடையோடு வந்து, பேரம் பேசி, மனிதர்களிடம் மழைக்கோட்டு வாங்கிப் போகும் சந்தையை எழுதினேன். மூன்றாவது ஊர். இன்று அதை விரித்துப் பார்த்தால் ஒரு மீன் வாங்கிய கோட்டை மாற்றித் தரச் சொல்லிக் கடைக்காரனோடு சண்டை பிடிக்கிறது. இத்தனை வருடமாக இந்தப் படத்தைப் பார்க்கிறேன், அந்தச் சண்டை இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

அந்த மூன்றாவது படம் முடிந்த வாரம்தான் நம் பிழை வெளியே வந்தது. வரவேற்பு மேசையில் இருந்த நிலுஷிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் எழுதியதைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு போனேன், அவள் படத்தில் விரலை வைத்து நடந்துகொண்டு போனாள். சந்தையை விட்டு வெளியே வந்து கடல் பக்கம் திரும்பினோம், நூறு அடி நடந்ததும் காலில் அலை பட்டது என்றேன். அவள் விரல் ஒரு தையற்கடைச் சுவரில் முட்டி நின்றது. கடல் படத்தின் மறுமுனையில் இருந்தது. முதல் இரண்டு ஊரையும் எடுத்துப் பார்த்தோம். மூன்றிலும் அப்படித்தான். நிலுஷி சிரித்த சிரிப்பு மனேஜரின் அறைவரை கேட்டது.

வெள்ளவத்தைக்காரர் எவரும் வழி சொல்லும்போது வடக்கு தெற்கு சொல்வதில்லை. காலி ஊருக்குப் போகும் காலி வீதியில் நின்று கடல் பக்கம், தரைப் பக்கம் என்போம், அவ்வளவுதான். நான் தெற்கேயிருந்து கோட்டைக்கு வேலைக்கு வருகிறேன், கடல் எப்போதும் என் இடப்பக்கம். நீங்கள் கொட்டாஞ்சேனையிலிருந்து இறங்கி வருகிறீர்கள், துறைமுகம் எப்போதும் உங்கள் வலப்பக்கம். கடல் எந்தப் பக்கம் என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது என்று இருவருமே நினைத்திருக்கிறோம்.

படத்தை மாற்றுங்கோ என்றேன். எழுத்தை மாத்துங்க என்றீர்கள். அது கோபமாகவே வளர்ந்தது.

"துறைமுகத்துக்குப் பக்கத்துல பொறந்தவனுக்குக் கடல் எங்க இருக்குன்னு சொல்லித் தர்றீங்களா மிஸ்?"

"துறைமுகத்திலை இருக்கிறது கடலோ அண்ணை? அது கப்பல் நிக்கிற குளம்."

மூன்று நாள் கதைக்கவில்லை. அந்த மூன்று நாளும் ஒரு வங்கிக் கட்டடத்துப் படத்தை நிலுஷி மூலம்தான் பரிமாறிக்கொண்டோம். நாலாம் நாள் காலை, வணக்கம்கூடச் சொல்லாமல், ஒரு ட்ரேசிங் தாளை என் மேசையில் வைத்தீர்கள். படத்திலிருந்து கடலையும் இறங்குதுறையையும் எடுத்துவிட்டு, அவற்றை மட்டும் அதில் வரைந்திருந்தீர்கள். அதைப் படத்தின் மேல் வைத்தால் கடல் வலப்பக்கம். தாளைத் திருப்பிப் போட்டீர்கள், கடல் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தது, ஒரு கோடு பிசகவில்லை. முப்பது பாகை திருப்பினாலும் முப்பது பாகைதானே என்று சிரித்தீர்கள். இப்படியும் அப்படியுமாக நாலைந்து தரம் திருப்பிக் காட்டினீர்கள்.

"காத்து மாறினா கடலும் பக்கம் மாறட்டுமே."

நான் உடனே பேனாவை எடுத்தேன். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்றுக்கு உங்கள் பக்கம், வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்றுக்கு என் பக்கம். வருடத்தில் இரண்டு தரம் கடல் இடம் மாறும் நாடு. அங்கே வீட்டுக்கு முன்வாசல் இரண்டு, கடிதத்தில் விலாசமும் இரண்டு. காற்று மாறுகிற வாரம் வள்ளங்களுக்குச் சில்லுப் பூட்டி ஊர் நடுவால் இழுத்துக்கொண்டு போவார்கள், பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. இருகரை என்ற பெயர் அன்றைக்குத்தான் வைத்தோம். அதுவரை செய்தது படமும் கதையும். அதற்குப் பிறகுதான் அது ஒரு நாடு. நாம் சரியாக இருந்திருந்தால் இந்தப் புத்தகம் ஒரு சாதாரணப் புத்தகமாகப் போயிருக்கும்.

நுகேகொடையில் தன் வீட்டு முன்னறையில் பதிப்பகம் நடத்தும் சர்மினியிடம் ஆறு ஊர்களைக் காட்டியபோது, அந்தப் பிள்ளை அரைமணி நேரம் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். ட்ரேசிங் தாளை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டாள். அது இல்லாவிட்டால் நாடு இல்லை என்று நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். ஏழாவது ஊரை முடித்துத் தாருங்கள், அச்சுக்குப் போவோம் என்றாள். படியிறங்கும்போது நீங்கள் இரண்டிரண்டு படியாகத் தாவினீர்கள், ஐம்பது வயதில்.

ஏழாவது ஊரை நான் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கப் போவதில்லை, நீங்களும் படத்தைக் காட்ட வேண்டாம், கடைசியில் ஒன்றாக விரிப்போம் என்று ஒப்பந்தம். ஊருக்குள் என்னென்ன இருக்கும் என்பதை மட்டும் பேசி வைத்தோம். கடல் எந்தப் பக்கம் என்று அந்த முறையும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை உங்கள் மேசை காலியாக இருந்தது. பத்து மணிக்கு நிலுஷி அழுதுகொண்டு வந்தாள். நெஞ்சு வலி என்று எழும்பியவர் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை என்றாள். எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது. எந்தக் கட்டடத்துக்கும் இரண்டு வழி வைத்த மனுஷன்.

நாலு மாதம் கொட்டாஞ்சேனைப் பக்கமே நான் போகவில்லை. அக்கா, உங்கள் மனைவி, அந்த ஏழாவது படத்தை நேரே சர்மினிக்கு அனுப்பிவிட்டார். என் எழுத்து ஏற்கெனவே அவளிடம் இருந்தது. ஒரு நாள் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். படத்தில் பாதிக்குத்தான் மை போட்டிருக்கிறது, மீதி பென்சில், தனக்குத் தெரிந்த ஓர் ஓவியர் கணினியில் ஒரு வாரத்தில் முடித்துத் தருவார் என்றாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள்.

"அக்கா, படத்திலை கடல் இடப்பக்கம் இருக்கு. நீங்கள் எழுதினது வலப்பக்கம். ஏதாவது ஒண்டை மாத்தவேணும்."

பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்தக் கடைசி ஊரில் நான் உங்கள் கடலை எழுதியிருந்தேன், அண்ணை. அதற்காகவே மூன்று செவ்வாய்க்கிழமை உங்கள் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கொச்சிக்கடைக்குப் போனேன். செவ்வாய்ப் பூசைக்கு வந்த கோயில் கூட்டத்துக்குள்ளே புகுந்து வெளியே வந்து, துறைமுகச் சுவரோரம் நின்று பார்த்தேன். தண்ணீர் தெரியவில்லை, கிரேன்களின் தலையும் கப்பலின் புகையும்தான் தெரிந்தன. ஆனால் ஒரு கப்பல் ஊதியபோது தரை அதிர்ந்தது. குளம் என்று சொன்னதற்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். கடைசி ஊரில் கடல் வலப்பக்கம், நீங்கள் ஜெயிக்கட்டும் என்று எழுதினேன். உங்கள் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் மூடி வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்கு அக்காவிடம் போனேன். இன்னொருவர் முடித்தால் புத்தகம் முழுதாக இருக்கும், ஆனால் அது உங்கள் படம் இல்லை. முடிக்காமல் விட்டால் உங்கள் பெயரில் ஒரு அரைகுறை அச்சாகும். எதைச் செய்தாலும் உங்களுக்குத் துரோகம் என்ற நிலையில் போய் நின்றேன். அக்கா தேநீர் வைத்துத் தந்தார். படத்தில் கடல் ஏன் இடப்பக்கம் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அவ்வளவு நாளுக்குப் பிறகு சிரித்தார்.

"ஞாயித்துக்கெழமையில ரெண்டு மூணு தடவ வெள்ளவத்தைக்குப் போனாரு. கடல் பாக்கப் போறேன்னாரு. இங்க இல்லாத கடலா அங்க இருக்குன்னு கேட்டேன். மிஸ்ஸோட கடலப் போடணும், கடைசிப் படத்துல அவங்க ஜெயிச்சிட்டுப் போகட்டும்னாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்குக் கீழே, ரயில் பாதையைத் தாண்டிக் கற்களில் உட்கார்ந்திருக்கிறீர்கள். என் பால்கனியிலிருந்து அந்தக் கற்கள் தெரியும். நான் அந்த நேரம் உங்கள் பக்கத்துக் கடலைப் பற்றி எழுதிக்கொண்டு இருந்திருப்பேன். இத்தனை வருடம் கழித்து, விட்டுக்கொடுக்கப் போய், அதே பிழையை மறுபடி செய்திருக்கிறோம். அக்காவின் முன்னறையில் உட்கார்ந்து நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன், தேநீர் ஆறிப்போனது.

திரும்பி வந்ததும் சர்மினியைக் கூப்பிட்டேன். ஒன்றையும் மாற்ற வேண்டாம், ஒருவரும் முடிக்க வேண்டாம், மையை மையாகவும் பென்சிலைப் பென்சிலாகவும் அச்சடி என்றேன். இடப்பக்கம் உங்கள் பென்சிலில் என் கடல். வலப்பக்கம் நீங்கள் தொடாத வெறும் தாள். அதுதான் நான் எழுதிய உங்கள் கடல், வெள்ளையாகவே இருக்கட்டும். கடைசி அத்தியாயத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: 'நாங்கள் போய்ச் சேர்ந்தது காற்று மாறும் நாள், ஒரு கடல் இன்னும் போகவில்லை, மற்றக் கடல் வந்துவிட்டது.' ஏழாவது ஊருக்கு ட்ரேசிங் தாள் இல்லை. தேவைப்படவில்லை. அங்கே வெளியேற இரண்டு வழி, இரண்டு பக்கமும் வள்ளம். உங்கள் சட்டம் நிற்கிறது.

புள்ளி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. எங்கே போடுவது என்று அச்சகம் கேட்டது. போட வேண்டாம், ஒவ்வொரு பிரதியிலும் நான் கையால் வைப்பேன் என்றேன். சர்மினி எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். உங்கள் மேசையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒரே பொருள் அந்தச் சிவப்புப் பேனா. அன்றிலிருந்து அது என் கைப்பையில்தான் இருக்கிறது. எங்கே போனாலும் இரண்டாவது கதவைத் தேடும் பழக்கமும் என்னோடு ஒட்டிக்கொண்டது. கல்யாண மண்டபத்தில்கூட உட்காருமுன் தேடுகிறேன், வீட்டார் சிரிக்கிறார்கள்.

சற்று முன்னர் முதல் பிரதியில் ஏழாவது ஊரை விரித்தேன். ஜன்னலால் வந்த காற்று தாளைத் தூக்கியது, நாலு மூலைக்கும் நாலு தேநீர்க் கோப்பை வைத்தேன். வள்ளங்கள் போகும் பெரிய தெரு, இரண்டு வாசல் வீடுகள், பாதி ஏறிய ஒரு படிக்கட்டு. படிக்கட்டில் பதினோராம் படிவரை மை. பன்னிரண்டாம் படி பென்சில். அழகான இடங்கள் நிறைய இருந்தன, ஆசைக்கு வைக்கவில்லை அண்ணை. பதினோராம் படியின் ஓரத்தில், உங்கள் மை நின்ற இடத்தில் வைத்தேன். நான் இங்கே நிற்கிறேன். உங்கள் பன்னிரண்டாம் படியும் அதே அளவில்தான் இருக்கிறது, ஒரு மயிரிழை சின்னதாகவில்லை.

இந்தப் பிரதி அக்காவுக்கு. பின்னேரம் கொட்டாஞ்சேனைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். கடற்கரை வீதியால் போய், கோட்டையில் நம் அலுவலகத்தைத் தாண்டி, துறைமுகச் சுவரோரமாகக் கொச்சிக்கடை வழியே போவேன். போகும்போது கடல் என் பக்கம் இருக்கும். திரும்பி வரும்போது உங்கள் பக்கம்.

மிஸ்